கட்டிலைச் சுற்றியவள்

குதிரை அறுத்த மறுநாள் ஊரை விட்டுக் கிளம்புகிறேன் என்று சொல்பவளைத் தாஸ்குதுக்கில் யாரும் ஒரு பெண்ணாகவே மதிக்கமாட்டார்கள். பனிக்காலம் முழுவதற்குமான இறைச்சியை அன்றைக்கே கழுவி, உப்பிட்டு, அடைத்துக் கட்டி ஆகவேண்டும். ஒரு நாள் தள்ளினால் குடல் விறைத்துப் போய்விடும், அப்புறம் அதை வைத்துக் குதிரைக்குக் கடிவாளம்தான் பின்னலாம். அப்படிப்பட்ட நாளில்தான் நுரிலா, முழங்கை வரை கையைக் குடலுக்குள் விட்டுக்கொண்டு, "நாளைக்கு விடிஞ்சதும் கொக்தாலுக்குப் போறோம்க்கா. பஸ் வந்திருக்கு" என்றாள்.

பஸ் என்றால் மார்பைப் படம் பிடிக்கும் வெள்ளை பஸ். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நவம்பரில் மாவட்டத்தைச் சுற்றி வரும். தாஸ்குதுக் வரைக்கும் பாதை சரியில்லாததால் நாற்பது கிலோமீட்டர் தள்ளிக் கொக்தாலில், ஆஸ்பத்திரி வாசலில் நின்றுவிடும். எழுபது வயது வரைக்குமான பெண்களின் பெயர்கள் அதன் பட்டியலில் இருக்கும். பிபிசாராவின் பெயரும் இருந்தது.

பிபிசாரா நுரிலாவின் ஓரகத்தி, கணவனின் அண்ணன் மனைவி. கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்து, நுரிலா கேட்கும்போதெல்லாம் கெட்டிலிலிருந்து வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். முன்பெல்லாம் குடல் கழுவுவது அவள் வேலை, வெந்நீர் ஊற்றுவதுதான் நுரிலாவின் வேலை. இப்போது குனிந்தால் மூச்சு நின்றுவிடுகிறது. கால்கள் வீங்கி, கம்பளி பூட்ஸின் வாய்க்குமேல் பிதுங்கி நின்றன. கெட்டிலைத் தூக்கி ஊற்றிவிட்டுக் கீழே வைப்பதற்குள் இரண்டு தரம் வாயால் காற்றை இழுத்தாள்.

"போலாம்" என்றாள் பிபிசாரா. எப்போது கேட்டாலும் அவள் அப்படித்தான் சொல்வாள்.

நுரிலாவின் கணவன் சாபிர் கொட்டகை வாசலில் விலா எலும்பை வெட்டிக்கொண்டிருந்தான். ஆட்டு மந்தையோடு முப்பது வருஷம் கழித்த மனிதன். ஆடுகளிடம் பேசிப் பேசி மனிதர்களிடம் பேசும் பழக்கம் குறைந்துபோயிருந்தது. அவனே கோடரியை நிறுத்திவிட்டு, "இந்தக் குளிர்ல அண்ணியை எதுக்கு இழுத்துக்கிட்டு அலையறே?" என்று கேட்டான்.

"உனக்குத் தெரியாது. நீ எலும்பைப் பாரு."

"போன தடவை என்ன ஆச்சுன்னு தெரியும்."

நுரிலா குடலை உட்புறம் வெளியே வரும்படி புரட்டிப் போட்டு, உப்பையும் மாவையும் போட்டுத் தேய்க்கத் தொடங்கினாள். வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே தேய்த்தாள்.

போன தடவை நடந்தது ஊருக்கே தெரியும். பிபிசாராவின் படத்தில் இடப்பக்கம் ஏதோ நிழல் என்று நகரத்துக்கு வரச்சொல்லி எழுதியிருந்தார்கள். நகரம் ஐந்து மணி நேரம். முதல் தடவை இன்னொரு படம். இரண்டாம் தடவை ஊசி போட்டுச் சதையை எடுத்தார்கள். ரத்தம் உறையாமலிருக்க அவள் சாப்பிடும் மாத்திரையை ஒரு வாரம் நிறுத்திவிட்டுத்தான் குத்தினார்கள். அப்படியும் மார்பிலிருந்து இடுப்பு வரை கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப்போனது. மூன்றாம் தடவை, பயப்பட ஒன்றுமில்லை என்ற காகிதத்தை வாங்கப் போனார்கள். திரும்பும் வழியில் பிபிசாராவுக்கு மூச்சு முட்டி, நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டு, பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அதிலிருந்து இதயம் பழைய இதயமாகவே இல்லை. சாபிர் அதைச் சொன்னான். நுரிலாவோ அந்தக் காகிதத்தை மட்டும் நினைத்துக்கொண்டிருந்தாள். ஒன்றுமில்லை என்று முத்திரை குத்தி எழுதிக் கொடுத்தார்களே, அதற்கு மேல் என்ன வேண்டும்? அதை இன்னும் மாவு டப்பாவுக்குள் பத்திரமாக வைத்திருந்தாள்.

அவளைப் பிடிவாதக்காரி என்று சொல்லிவிடலாம். ஊரில் பலர் சொன்னார்கள். ஆனால் அவளுக்கும் அந்த பஸ்ஸுக்கும் ஒரு கதை இருக்கிறது.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே முற்றத்தில், குதிரை அறுத்த மறுநாள்தான், பிபிசாரா அவளைப் பஸ்ஸுக்குக் கிளம்பச் சொன்னாள். நுரிலாவுக்கு அப்போது நாற்பத்தாறு. எனக்கு ஒன்றுமில்லை, குடலைப் போட்டுவிட்டு வரமுடியாது என்று அடம்பிடித்தாள். பிபிசாரா இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள். மூன்றாம் தரம் பேச்சில்லை, காலால் ஒரு எத்து. தொட்டி கவிழ்ந்தது. சாபிரின் இரண்டு நாய்களும் பாய்ந்து வந்து, பதினான்கு அடி நீளக் குதிரைக்குடலை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து இழுத்துக்கொண்டு வைக்கோல் போர் பக்கம் ஓடின. "கழுவறதுக்கு ஒண்ணும் இல்லையே இப்ப? கிளம்பு" என்றாள் பிபிசாரா. அந்தப் பனிக்காலம் முழுக்க அந்த வீட்டில் குடலில் இறைச்சி அடைத்த காஸி கிடையாது. குதிரை அறுத்துவிட்டுக் காஸி இல்லாமல் விருந்தாளிக்கு முன்னால் தட்டு வைத்த வீடு என்று ஊர் ஒரு வருஷம் சிரித்தது.

பஸ்ஸில் எடுத்த படத்தில் நுரிலாவின் வலது மார்பில் கோதுமை மணி அளவுக்கு ஒன்று தெரிந்தது. கையால் தடவினால் அகப்பட்டிருக்காது. வெட்டியெடுத்தார்கள், நகரத்தில் நாற்பது நாள் வைத்துக் கதிர் கொடுத்தார்கள். நாற்பது நாளும் பிபிசாரா கூடவே இருந்தாள். காலரில் கறுப்பு ஆட்டுக்குட்டித் தோல் வைத்த பச்சைக் கோட்டை அப்போதுதான் வாங்கினாள். நகரத்துக்காரிகள் முன்னால் கம்பளிச் சால்வையோடு நிற்பது அவளுக்குக் கௌரவக் குறைச்சலாக இருந்தது. காலணிக்குமேல் மாட்டினால்தான் உள்ளே விடுவோம் என்று ஆஸ்பத்திரியில் கொடுக்கிற நீலப் பிளாஸ்டிக் உறைகளை எல்லோரும் குப்பையில் போட்டுவிட்டுப் போவார்கள். அவள் கழுவிக் காயவைத்துக் கோட்டுப் பையில் மடித்து வைப்பாள்.

இதெல்லாம் ஊருக்குத் தெரிந்த கதை. நுரிலாவுக்கு மட்டும் தெரிந்தது ஒன்று உண்டு. அதை அவள் சாபிரிடம்கூடச் சொன்னதில்லை. அதனால்தான் போவோம் போவோம் என்று துடித்தாள்.

மறுநாள் பக்கத்து வீட்டுக்காரரின் ஜீப்பில் போனார்கள். பிபிசாரா பச்சைக் கோட்டைப் போட்டிருந்தாள். தோளில் அது தொளதொளத்தது, கீழே பொத்தான் பூட்ட முடியவில்லை. வயிற்றில் நீர். பனி லேசாகத்தான் விழுந்தது. ஆனால் வண்டி குலுங்கக் குலுங்க அவள் முகம் சாம்பல் நிறத்துக்குப் போய்க்கொண்டே இருந்தது. இரண்டு இடத்தில் நிறுத்தச் சொன்னாள். நிறுத்தியதும் கதவைத் திறந்து காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, "இந்த மேடு நல்லாருக்கு, காத்து வருது" என்றாள். மேட்டைப் பார்க்கிறவள் மாதிரி நடித்தாள். நுரிலாவும் மேட்டைப் பார்ப்பது மாதிரி நடித்தாள்.

கொக்தாலில் வரிசை நீளமாக இருந்தது. வரிசையில் நின்றவர்களில் பாதிப்பேர் பிபிசாராவின் வயதில் பாதிதான் இருப்பார்கள். கோட்டைப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளை பார்க்க வந்தீர்களா என்று ஒருத்தி கேலி செய்தாள். தாஸ்குதுக்கின் நர்ஸ் ஷினார் பட்டியலை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடி ஓடிப் பெயர்களுக்கு நேரே கோடு போட்டுக்கொண்டிருந்தாள். எல்லாக் கட்டத்திலும் கோடு விழுந்தால்தான் அவளுக்கு நிம்மதி. பிபிசாரா வந்ததைப் பார்த்து அவள் முகம் மலர்ந்தது.

பஸ்ஸுக்கு மூன்றே இரும்புப் படிகள். பிபிசாரா முதல் படியில் ஏறினாள். இரண்டாவது படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். மேலே கதவருகில் நின்ற டாக்டர், ராபிகா என்று பெயர், முப்பத்தைந்து வயதிருக்கும், அவளுடைய காலையும் உதட்டின் நிறத்தையும் பார்த்தாள். பிறகு தானே கீழே இறங்கி வந்து, "வாங்கம்மா, முதல்ல உள்ள போய் உக்காந்து பேசுவோம்" என்று ஆஸ்பத்திரிக்குள் அழைத்துப்போனாள்.

உள்ளே கணப்பு எரிந்துகொண்டிருந்தது. பிபிசாரா கோட்டுப் பையிலிருந்து நீல உறைகளை எடுத்து, தனக்கு ஒரு ஜோடி, நுரிலாவுக்கு ஒரு ஜோடி என்று கொடுத்தாள். குனிய முடியாததால் அவளுக்கும் நுரிலாவே மாட்டிவிட்டாள். டாக்டர் என்னென்ன மாத்திரை என்று கேட்டாள். எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள் என்று கேட்டாள். மூன்று, குறைந்தால் மூச்சு முட்டுகிறது. வாசலிலிருந்து கிணறு வரை நடக்க முடிகிறதா? போன வருஷம் முடிந்தது. பழைய காகிதங்களை நுரிலா பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். பதினொரு நாள் கிடந்தபோது எழுதிய காகிதத்தை டாக்டர் மெதுவாக, திருப்பித் திருப்பிப் படித்தாள். அப்புறம் கால் வீக்கத்தில் விரலை வைத்து அழுத்தினாள். விரல் எடுத்த பிறகும் அந்தக் குழி அப்படியே நின்றது.

"இந்தப் படம் இனிமே உங்களுக்கு வேண்டாம்னு நினைக்கறேன்" என்றாள் டாக்டர்.

நுரிலா குறுக்கிட்டாள். "பட்டியல்ல பேரு இருக்கே. எழுபது வரைக்கும் உண்டு. இவங்களுக்கு அறுபத்தெட்டுதான்."

"காயிதத்துல அறுபத்தெட்டு" என்றாள் பிபிசாரா சாவகாசமாக. "எங்கப்பா மலைமேல மந்தையோட இருந்துட்டு என்னைப் பள்ளிக்கூடத்துல சேர்க்கறதையே மறந்துட்டாரு மகளே. பதினொரு வயசுல கொண்டுபோய் விட்டா, ஒண்ணாங்கிளாஸ்ல சேர்க்கமாட்டேன்னுட்டாங்க. அப்புறம் ஏழுன்னு எழுதிக்குடுத்துட்டு வந்துட்டாரு. நான் கறுப்பு மான் வருஷத்துக்காரி. வயித்துல இருந்ததையும் சேத்து இது எனக்கு எழுபத்துமூணு, என் மான் திரும்பி வர்ற கண்டமான வருஷம்."

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பன்னிரண்டு மிருகங்களின் பெயரில் சுழலும் வருஷக் கணக்கில் பன்றி வருஷத்தில் பிறந்தவர்கள் எல்லோரும் அதன் பெயரை வாயால் சொல்லக் கூசிக் கறுப்பு மான் என்பார்கள். தன் அம்மாவைப் பெற்றவளும் ஒரு கறுப்பு மான்தான் என்றாள். உடனே முகத்தைச் சரிசெய்துகொண்டு, வயது ஒரு பக்கம் இருக்கட்டும், எண்பதிலும் திடமாக மாடு கறக்கிறவள் வந்தால் அவளிடம் வேறு மாதிரிப் பேசுவேன் என்று சொன்னாள்.

நுரிலா எழுந்து நின்றுவிட்டாள். "பன்னெண்டு வருஷம் முன்னாடி, எனக்கு நாப்பத்தாறு வயசுல, இந்த பஸ் மட்டும் இல்லேன்னா நான் இன்னைக்கு மண்ணுக்குள்ள இருப்பேன். என்னை அதுல ஏத்திவிட்டவங்களே இவங்கதான். இப்ப இவங்களை மட்டும் ஏத்தமாட்டீங்களா? கிழட்டு ஆட்டைப் பல்லைப் பாத்துக் கழிச்சு விடற மாதிரி கழிச்சு விடறீங்களா?"

டாக்டர் கோபப்படவில்லை. நாற்காலியை நுரிலாவின் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டாள்.

"உக்காருங்க. நான் சொல்றதைக் கேட்டுட்டு அப்புறம் திட்டுங்க. இந்தப் படம் காட்டிக்குடுக்கற சின்ன மணி இருக்கே, அது பெரும்பாலும் இன்னைக்கே ஒண்ணும் செய்யாது. எட்டு, பத்து வருஷம் கழிச்சு ஆளைச் சாய்க்கும். உங்களுக்கு நாப்பத்தாறுல அதைக் கண்டுபிடிச்சோம், முன்னால முப்பது நாப்பது வருஷம் இருந்துச்சு, அதனால வெட்டி எடுத்ததுக்கு அர்த்தம் இருந்துச்சு. உங்க அக்காவோட இதயம் எட்டு வருஷத்துக்கு வாக்குக் குடுக்குமா? உங்களுக்கே தெரியும். சரி, எடுக்கறோம், ஏதோ தெரியுதுன்னே வெச்சுக்குவோம். இந்த இதயத்தோட மயக்க மருந்து குடுத்துப் படுக்கவைக்க எனக்குத் தைரியம் இல்லை. மறுபடி நகரம், மறுபடி ஊசி, மறுபடி ரத்த மாத்திரையை நிறுத்தணும். போன தடவை வெறும் நிழலுக்கே பதினொரு நாள். கண்டுபிடிச்சு என்ன செய்யப்போறோம்னு ஒரு பதில் கையில இருந்தாத்தானே தேடலாம்?"

"அப்ப ஒண்ணுமே பாக்கமாட்டீங்களா?"

"அப்படிச் சொல்லலை. கைக்குக் கட்டி தட்டுப்பட்டா, வலிச்சா, தோல் சுருங்குனா உடனே வாங்க, பாக்கறேன். இன்னைக்கு இந்தக் காலைப் பாக்கறேன். நீர் இறங்கற மாத்திரை பத்தலை. அதை மாத்தினா ரெண்டு தலையணையில படுக்கலாம். அதுக்கு இவங்க வந்தது நல்லதாப்போச்சு." பிறகு பிபிசாராவின் பக்கம் திரும்பினாள். "ஆனா உடம்பு உங்களது. எல்லாம் கேட்டுட்டும் எடுக்கணும்னு நீங்க சொன்னா நான் கையைப் பிடிச்சு ஏத்திக்கிட்டுப் போறேன். என்ன சொல்றீங்க?"

பிபிசாரா நுரிலாவைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "எடுத்துடு மகளே. இவ தூங்கணும்" என்றாள்.

"யாரு?"

"இவதான். காயிதம் வர்ற வரைக்கும் சாப்பிடமாட்டா, தூங்கமாட்டா. நடுராத்திரியில கதவைத் திறந்துக்கிட்டு வந்து நான் மூச்சு விடறேனான்னு கேட்டுட்டுப் போவா. போன தடவையும் இவளுக்காகத்தான் வந்தேன், அதுக்கு முந்துன தடவையும் அப்படித்தான். எனக்கு எதுக்கு அந்தப் படம்? நான் என்ன, அதைச் சுவத்துலயா மாட்டப்போறேன்?"

வெளியே ஷினார் டாக்டரைக் கூப்பிட்டாள். நீங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருங்கள் என்று சொல்லிவிட்டு டாக்டர் போனாள்.

நுரிலாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. மூன்று படிகளில் இரண்டாவதோடு நின்றுபோகிறவள், தனக்காக ஐந்து மணி நேரம் மூன்று தடவை குலுங்கிக்கொண்டு போய், ஊசி குத்திக்கொண்டு, பதினொரு நாள் கிடந்தாளா? தான் கொண்டுபோய்க் காப்பாற்றுகிறோம் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தது இதைத்தானா? சாபிர் ஒரு வார்த்தை சொன்னானே, அதையாவது கேட்டோமா என்று வெட்கமாக இருந்தது. இனியும் சொல்லாமல் இருந்தால் இந்த மனுஷி அந்த மூன்றாவது படியிலும் ஏறிவிடுவாள் என்று பட்டது.

"அக்கா, அன்னைக்கு நான் தூங்கலை."

"என்னைக்கு?"

"ஆபரேஷன் ஆன மறுநாள். சுவரோரமா இருந்த என் கட்டிலை நீங்க நடுவுல இழுத்துப் போட்டீங்க. அந்தச் சத்தத்துலயே முழிச்சுக்கிட்டேன். கண்ணை மட்டும் மூடியிருந்தேன். மூணு சுத்து சுத்துனீங்க. இவளோட நோவு என்கிட்ட வரட்டும், என்கிட்ட வரட்டும்னு ஒவ்வொரு சுத்துக்கும் சொன்னீங்க."

பிபிசாரா கணப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னையிலேருந்து நான் நல்லாருக்கேன். ஒவ்வொரு வருஷமும் என்னைப் பாத்துட்டு ஒண்ணுமில்லேங்கறாங்க. எனக்கு ஒண்ணுமில்லேன்னா அது எங்க போச்சு? உங்ககிட்டதானே வந்திருக்கணும்? என்னைக்காவது ஒரு நாள் உங்க படத்துல அந்த மணி தெரியப்போகுதுன்னுதான் பன்னெண்டு வருஷமா... நான் படுத்துக்கிட்டு, வேண்டாம்னு வாயைத் திறந்து சொல்லாம, சுத்தட்டும்னு விட்டுட்டேன்க்கா. பிழைக்கணும்னு ஆசையா இருந்துச்சு. அதனாலதான் சொல்லலை."

சொல்லி முடித்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள். கையில் இன்னும் குடல் வாடை இருந்தது. எத்தனை தரம் சோப்புப் போட்டாலும் ஒரு வாரம் அது போகாது.

பிபிசாரா மூச்சு சேர்த்துக்கொள்ள நேரம் எடுத்துக்கொண்டாள்.

"அந்த நர்ஸ் என்னை என்ன திட்டுத் திட்டுனா தெரியுமா, கட்டிலை நகத்துனதுக்கு?" என்றாள் முதலில். பிறகு நுரிலாவின் கையை முகத்திலிருந்து விலக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "நீ முழிச்சிருந்தேன்னு எனக்குத் தெரியும்டி. மூணாவது சுத்துல உன் கண்ணோரம் தண்ணி வந்துச்சு. வேண்டாம்னு நீ சொல்லியிருந்தா நான் நிறுத்தியிருப்பேன்னா நினைக்கறே? குடல் தொட்டியை எத்துனவ நான். அது நான் மனசாரக் குடுத்தது. ஒருத்திக்கு ஒண்ணைக் குடுத்துட்டு, போய்ச் சேந்துச்சா சேந்துச்சான்னு ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா யாராவது பாத்துட்டு வருவாங்களா? வந்திருந்தா வந்துட்டுப் போகுது. எனக்கு எழுபத்துமூணு. வரலேன்னா இன்னும் நல்லதாப்போச்சு. ரெண்டுல எதுன்னு தெரிஞ்சுக்க எனக்கு ஆசையே இல்லை கண்ணு. எனக்கு ரெண்டு தலையணையில படுத்துத் தூங்கணும். அதுதான் ஆசை."

டாக்டர் திரும்பி வந்தபோது நுரிலா மூக்கைச் சிந்திவிட்டு எழுந்து நின்றாள். "வேண்டாம் டாக்டரம்மா. அக்கா பேரை அடிச்சிடுங்க. அந்தக் கால் மாத்திரையை மட்டும் எழுதிக் குடுங்க" என்றாள். பிறகு பிபிசாராவைப் பார்த்து, "நீங்க சொல்லுங்க. எனக்காக வேண்டாம், உங்களுக்காகச் சொல்லுங்க" என்றாள். பிபிசாரா, வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் சொன்னாள். சொன்னதும் அவள் தோள் இறங்கியதை நுரிலா பார்த்தாள். முதுகிலிருந்து மூட்டையை இறக்கியவளின் தோள் மாதிரி இருந்தது. இதை இத்தனை வருஷம் தான்தான் தூக்கவைத்தோம் என்று அவளுக்கு மறுபடியும் சுருக்கென்றது.

ஷினாருக்குத்தான் வருத்தம். ஒரு கட்டம் காலியாக நிற்குமே, மேலே கேட்பார்களே என்று முணுமுணுத்தாள். டாக்டர் பட்டியலை வாங்கிக் காரணத்தைத் தானே எழுதிக் கையெழுத்துப் போட்டாள். "அந்தக் கட்டத்துல கறுப்பு மான்னு எழுதிக்கோ" என்று பிபிசாரா சொல்ல, வரிசையில் நின்ற பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்தபோது குடல் விறைத்துப் போயிருக்கும் என்று நுரிலா பயந்திருந்தாள். சாபிர் அதை உப்புத் தண்ணீரில் போட்டு அடுப்பங்கரையில் வைத்திருந்தான். பெண்கள் வேலையைத் தொடாத மனிதன், விலா இறைச்சியைக்கூட நீளநீளமாகக் கீறிப் பூண்டு தடவி வைத்திருந்தான். பூண்டு கொஞ்சம் அதிகம். நுரிலா அடைத்தாள், பிபிசாரா உட்கார்ந்தபடி முனைகளை நூலால் கட்டினாள். படம் எடுத்தாச்சா என்று சாபிர் கேட்டான். இல்லை, இனிமேல் கிடையாது என்று நுரிலா சொன்னதும் அவன் எழுந்து போய் அண்ணிக்கு முதல் கோப்பைத் தேநீரைப் பாலாடையோடு கொண்டுவந்து வைத்தான்.

புது மாத்திரையில் கால் வடிந்தது. பத்து நாளில் கால் பிதுங்காமல் பூட்ஸுக்குள் நுழைந்தது. பிபிசாரா ஒரு தலையணையை எடுத்து நாய்க்கு விரித்துவிடுவேன் என்று மிரட்டினாள். குணமாகிவிட்டது என்று யாரும் நினைக்கவில்லை. ஜனவரியில் மூன்று நாள் மறுபடி மூச்சு முட்டியது. ஆனால் அந்தப் பனிக்காலத்தில் அவள் நகரத்துப் பாதையில் குலுங்கவில்லை. கணப்பருகில் உட்கார்ந்து காஸி தின்றாள், பூண்டு அதிகம் என்று ஒவ்வொரு தடவையும் சாபிரைக் குறை சொன்னாள், மகள்கள் பேரப்பிள்ளைகளோடு வந்தால் சீட்டாடித் தோற்கடித்தாள். நுரிலா மாவு டப்பாவிலிருந்த பழைய காகிதத்தை எடுத்து அடுப்பில் போட்டாள். போடும்போது கை கொஞ்சம் தயங்கத்தான் செய்தது.

மார்ச்சில் வருஷப் பிறப்பான நௌரிஸ் வந்தது. கண்டமான வருஷம் முடிந்தது. அதைத் தாண்டியவர்கள் தங்களுக்குப் பிடித்த துணி ஒன்றை யாருக்காவது கொடுத்துவிட வேண்டும். ஏழு பொருள் போட்டுக் காய்ச்சிய நௌரிஸ் கஞ்சியைக் குடித்து முடித்ததும் பிபிசாரா உள்ளே போய்ப் பச்சைக் கோட்டைக் கொண்டுவந்தாள்.

"இந்தா. எனக்கு இனிமே நகரத்துல வேலை இல்லை."

நுரிலா வாங்கவில்லை. அது உங்களுடையது, வேறு ஏதாவது சால்வையைக் கொடுங்கள் என்றாள். இந்த வருஷம் தானும் நகரத்துக்குப் போகப்போவதில்லை, நீங்கள் போகாதபோது எனக்கு மட்டும் எதற்கு என்று அவள் ஒரு வாரமாக முனகிக்கொண்டிருந்தாள். அது பிபிசாராவின் காதில் விழாமலில்லை.

"நான் நிறுத்துனது என் உடம்பைப் பாத்து. உன் உடம்புக்கு என்ன கேடு? வாயைப் பொத்திக்கிட்டு வருஷாவருஷம் போ. நீ எழுபத்தஞ்சு ஆகி, ரெண்டாவது படியில நிக்கறப்ப நிறுத்திக்கோ. பையில பாரு."

பையில் நீல உறைகள் இருந்தன, கழுவி நான்காக மடித்து. ஒரே ஒரு ஜோடி.

நுரிலாவின் வருடாந்திரச் சோதனை ஏப்ரல் முதல் வாரத்தில் வந்தது. ஜீப் வாசலில் உறுமிக்கொண்டிருந்தது. பட்டியில் ஆடுகள் குட்டி போடும் காலம், சாபிர் இரவும் பகலும் அங்கேயே கிடந்தான். பிபிசாரா வழியனுப்புவதற்காக முற்றத்தில், அதே வாளியைக் கவிழ்த்துப் போட்டு வெயிலில் உட்கார்ந்திருந்தாள். பச்சைக் கோட்டு நுரிலாவுக்கு அளவெடுத்துத் தைத்தது மாதிரி இருந்தது. கையுறையைக் காணோம் என்று அவள் தேட ஆரம்பித்தாள். கெட்டிலுக்குப் பின்னால் பார்த்தாள். விறகடுக்கின் பக்கம் போனாள். பிபிசாராவின் முதுகுக்குப் பின்னால் வந்து, அந்தப் பக்கமாக முன்னால் வந்தாள். மறுபடியும் கெட்டில், மறுபடியும் விறகடுக்கு, மறுபடியும் முதுகுக்குப் பின்னால். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

மூன்றாவது தடவை திரும்பும்போது பிபிசாரா கையை நீட்டிக் கோட்டின் நுனியை எட்டிப் பிடித்துவிட்டாள். வீக்கம் வடிந்த பிறகு கையில் கொஞ்சம் பலம் வந்திருந்தது. நுரிலாவால் நகரமுடியவில்லை.

"கையுறை உன் பையிலதான் இருக்கு" என்றாள் பிபிசாரா. "என் கால் நோவை நீ வாங்கிக்கிட்டா, குட்டி போடற ஆட்டை யாருடி பாக்கறது? போ, வண்டி நிக்குது."

பிடியை விடாமலே சொன்னாள். நுரிலா வண்டிப் பக்கம் முகத்தைத் திருப்பி நின்ற பிறகுதான் கோட்டை விட்டாள்.